மனச்சிதைவு நோய்க்கும் நோயெதிர்ப்பு மரபணுக்களுக்கும் என்ன தொடர்பு?

மனச்சிதைவு நோயின் மரபணுக் காரணங்களைத் தேடிவந்த ஆய்வாளர்களுக்கு 2009-இல் முதல் உறுதியான துப்பு கிடைத்தது. மூன்று பன்னாட்டுக் குழுக்கள் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் டி.என்.ஏ.வை நோயில்லாதவர்களின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டு, அந்த ஆண்டு ஜூலையில் ‘நேச்சர்’ இதழில் தம் முடிவுகளை ஒருசேர வெளியிட்டன. மூன்றின் தரவுகளையும் இணைத்தபோது மிக வலுவாகத் தெரிந்த இடம், அரை நூற்றாண்டாக மனநல மருத்துவம் பேசிவந்த டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் சார்ந்த மரபணுக்களில் இல்லை. ஆறாவது குரோமோசோமில், நோயெதிர்ப்பு மண்டலத்தின் மரபணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் எம்.எச்.சி. என்ற பகுதியில் இருந்தது. 2014-இல் 36,989 நோயாளிகளைக் கொண்டு செய்யப்பட்ட இன்னும் பெரிய ஆய்வு, நோயோடு தொடர்புடைய 108 மரபணு இடங்களைக் கண்டது. டோபமின் ஏற்பியின் மரபணுவும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனாலும் எல்லாவற்றிலும் வலுவானதாக நின்றது அதே எம்.எச்.சி. பகுதிதான்.

காதில் குரல் கேட்பது, பிறர் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது, பேச்சும் எண்ணமும் கோர்வை இழப்பது போன்றவை மனச்சிதைவின் அறிகுறிகள். கிருமிகளை எதிர்க்கும் மரபணுக்களுக்கு இதில் என்ன வேலை என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. எளிதாகத் தோன்றும் விடையும் உடனே கிளம்பியது: இது ஒருவகை அழற்சி நோய், அல்லது உடல் தன்னைத்தானே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய். இன்றும் செய்திகளில் அடிக்கடி தென்படும் இந்த விடையை மரபணு ஆய்வுகள் உண்மையில் ஆதரிக்கவில்லை என்பதே என் மதிப்பீடு. அவை காட்டுவது வேறொன்றை. அதைப் புரிந்துகொள்ள, அந்த இடத்துக்குள் இருக்கும் ஒரு மரபணுவைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன், நோயெதிர்ப்புக்கும் மனநோய்க்கும் இடையிலான உறவு குறித்த சந்தேகம் மரபணு ஆய்வுகளோடு பிறந்ததன்று என்பதைச் சொல்லியாக வேண்டும். 1918-ஆம் ஆண்டின் பெருங்காய்ச்சலுக்குப் பின், பாஸ்டனில் பணியாற்றிய கார்ல் மெனிங்கர் என்ற இளம் மருத்துவர், இன்ஃப்ளூயன்சாவைத் தொடர்ந்து மனப்பிறழ்வுக்கு ஆளானவர்களைப் பற்றி 1919-இல் எழுதினார். வியன்னாவின் யூலியஸ் வாக்னர்-யாவ்ரெக், சிஃபிலிஸ் மூளையைத் தாக்கியதால் சித்தம் குலைந்தவர்களுக்கு வேண்டுமென்றே மலேரியா கிருமியை ஏற்றிக் காய்ச்சல் வரவழைத்துச் சிகிச்சையளித்து, 1927-இல் நோபல் பரிசே பெற்றார். மூட்டுகளைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோயான முடக்குவாதம் மனச்சிதைவு நோயாளிகளிடம் வழக்கத்தைவிடக் குறைவாகவே காணப்படுகிறது என்பது 1930-களிலிருந்து மருத்துவர்கள் கவனித்துவரும் புதிர். பிற்காலத்தில் டென்மார்க், தன் குடிமக்கள் அனைவரின் மருத்துவப் பதிவுகளையும் இணைத்து வைத்திருக்கும் வசதியைக் கொண்டு, இந்தச் சந்தேகத்துக்கு எண்கள் தந்தது. 2011-இல் வெளியான அந்த ஆய்வின்படி, தன்னெதிர்ப்பு நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு 29 விழுக்காடும், கடும் தொற்றுக்காகச் சேர்ந்தவர்களுக்கு 60 விழுக்காடும் அதிகமாக இருந்தது.

ஆனால் இத்தகைய கணக்குகளில் ஒரு சிக்கல் எப்போதும் உண்டு. மனச்சிதைவு வெளிப்படையாகத் தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒருவருடைய தூக்கம், உணவு, புகைப்பழக்கம், மருத்துவரிடம் செல்லும் வழக்கம் எல்லாம் மாறத் தொடங்கிவிடலாம். அப்படியிருக்க, தொற்று மனச்சிதைவைக் கொண்டுவந்ததா, மனச்சிதைவின் நிழல் தொற்றை வரவழைத்ததா, வறுமை இரண்டையும் சேர்த்துக் கொண்டுவந்ததா என்று பிரித்தறிய முடியாது. நோயாளிகளின் இரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதம் கூடுதலாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்ததே. ஆனால் பிறப்பிலேயே அந்தப் புரதத்தைச் சற்று அதிகமாகச் சுரக்கவைக்கும் மரபணு வேறுபாடுகளைக் கொண்டவர்களை 2017-இல் வெளியான ஓர் ஆய்வு ஆராய்ந்தபோது, அவர்களுக்கு மனச்சிதைவு வாய்ப்பு கூடவில்லை, சற்றுக் குறைந்தே இருந்தது. மரபணுச் சான்றுக்குத் தனி மதிப்பு கிடைப்பது இதனால்தான். கருவிலேயே தீர்மானமாகிவிடும் அதனைப் பின்னால் வரும் நோயோ, மருந்தோ, வாழ்க்கை நிலையோ மாற்ற முடியாது.

எம்.எச்.சி. பகுதி ஆய்வாளர்களுக்குத் தலைவலி தரும் இடம். சிறுநீரகமோ எலும்பு மஜ்ஜையோ மாற்றும்போது கொடுப்பவரும் பெறுபவரும் பொருந்துகிறார்களா என்று பார்க்கப்படும் எச்.எல்.ஏ. மரபணுக்கள் இங்கேதான் உள்ளன. மனிதருக்கு மனிதர் இவ்வளவு வேறுபடும் பகுதி மரபணுத்தொகுதியில் வேறில்லை எனலாம். அதோடு, இங்குள்ள வேறுபாடுகள் நீண்ட தொடர்களாக ஒட்டிக்கொண்டே பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்கின்றன. ஆகவே ஒரு தொடர் நோயோடு சேர்ந்து வருகிறது என்று கண்டால், அதிலுள்ள நூற்றுக்கணக்கான மரபணுக்களில் குற்றவாளி எது என்று சொல்வது கடினம். துப்பு கிடைத்தும் ஏழு ஆண்டுகள் விடை கிடைக்காமல் போனதற்கு இதுவே காரணம்.

அந்த விடையின் முக்கியமான பகுதி 2016 ஜனவரியில் வெளிவந்தது. அமெரிக்காவின் பிராட் ஆய்வு நிறுவனத்தையும் ஹார்வர்டையும் சேர்ந்த ஸ்டீவன் மெக்கரோல், பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த பெத் ஸ்டீவன்ஸ், மைக்கேல் கரோல் ஆகியோரின் குழுக்கள் இணைந்து செய்த அந்த ஆய்வின் முதல் ஆசிரியர், அப்போது ஆய்வு மாணவராக இருந்த அஸ்வின் சேகர். அவர்கள் சுட்டிய மரபணுவின் பெயர் சி4. கிருமியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, ‘இதை விழுங்கலாம்’ என்று வெள்ளையணுக்களுக்கு அடையாளம் காட்டும் காம்ப்ளிமென்ட் புரதக் குடும்பத்தில் இதுவும் ஒன்று. அந்தக் குடும்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே நோயெதிர்ப்பியலாளர்களுக்குப் பழக்கமானது. மூளைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை.

சி4 பிற மரபணுக்களைப் போன்றதன்று. தாய்வழி வந்த குரோமோசோமில் ஒன்று, தந்தைவழி வந்ததில் ஒன்று என்ற வழக்கமான கணக்கு இதற்குப் பொருந்தாது. ஒரே குரோமோசோமில் ஒருவருக்கு ஒரு பிரதியும் மற்றொருவருக்கு இரண்டோ மூன்றோ பிரதிகளும் அடுத்தடுத்து இருக்கக்கூடும். ஒவ்வொரு பிரதியும் சி4ஏ, சி4பி என்ற இரு வகைகளில் ஒன்றாக இருக்கும். ஒரு சில அமினோ அமிலங்களில் மட்டுமே வேறுபடும் இவ்விரண்டில், சி4ஏ புரதங்களோடும் சி4பி சர்க்கரைப் பொருள்களோடும் எளிதாக ஒட்டுகின்றன. இது போதாதென்று, எப்போதோ நம் மூதாதையரைத் தொற்றிய ஒரு ரெட்ரோவைரஸின் எச்சம் சில பிரதிகளின் நடுவே செருகிக்கொண்டு அவற்றை நீளமாக்கியிருக்கிறது. அந்த எச்சம் வெறும் குப்பையன்று, மரபணு எந்த அளவில் செயல்படுகிறது என்பதையும் அது மாற்றுகிறது. வழக்கமான மரபணுச் சோதனைகள் ஒற்றை எழுத்து மாற்றங்களைத்தான் படிக்கும். பிரதிகளின் எண்ணிக்கையை அவை காட்டா. எனவே முதலில் குறைந்த எண்ணிக்கையினரிடம் சி4 அமைப்பை நேரடியாக அளந்து, அதன் அருகிலுள்ள எழுத்து மாற்றங்களிலிருந்து அமைப்பை ஊகிக்கும் வழியைக் கண்டுபிடித்து, பிறகு அதை 28,799 நோயாளிகளின் தரவுகளிலும் 35,986 நோயில்லாதவர்களின் தரவுகளிலும் பொருத்திப் பார்த்தார்கள்.

முடிவு ஒழுங்காகப் படிப்படியாக அமைந்தது. எந்த அமைப்பு மூளையில் சி4ஏ புரதத்தை அதிகம் உண்டாக்குகிறதோ, அந்த அமைப்புக்கு மனச்சிதைவு அபாயமும் அதிகம். இறந்தபின் தானமாகக் கொடுக்கப்பட்ட மூளைகளை ஆராய்ந்தபோது, நோயாளிகளின் மூளையில் சி4ஏயின் ஆர்.என்.ஏ. மற்றவர்களுடையதைப் போல 1.4 மடங்கு இருந்தது. சி4 உருவாகும் இடங்களாகத் தெரிந்தவற்றில் நரம்பணுக்களும் இருந்தன. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் சினாப்ஸ் என்ற இணைப்பிடங்களிலும் அந்தப் புரதம் ஒட்டியிருந்தது.

இணைப்பிடத்தில் அதற்கு என்ன வேலை என்பதற்கு ஸ்டீவன்ஸின் முந்தைய சோதனைகளில் விடை இருந்தது. எலிக்குட்டியின் இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்பிழைகள், மூளையின் நடுவே தலாமஸ் பகுதியில் ஓரிடத்தில் வந்து இணைகின்றன. பிறந்த புதிதில் இரு கண்களின் இழைகளும் அங்கே ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். சில நாள்களில் தேவையற்ற இணைப்புகள் கழிந்து, இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் தனித்தனி எல்லைகள் உருவாகிவிடும். ஒரு கண்ணில் ஒரு நிறச் சாயமும் மறு கண்ணில் வேறொரு நிறச் சாயமும் செலுத்திவிட்டு, பிறகு அந்த இடத்தை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் இந்த எல்லையை நேரிலேயே பார்க்கலாம். காம்ப்ளிமென்ட் புரதங்கள் இல்லாதவாறு வளர்க்கப்பட்ட எலிகளில் இரு நிறங்களும் பிரியாமல் கலந்தே இருந்தன. நரம்பியல் ஆய்வாளர் பென் பாரஸின் ஆய்வகத்தில் தொடங்கி 2007-இல் வெளியான இந்த முடிவை, 2012-இல் வந்த மற்றொரு முடிவு நிறைவு செய்தது. மூளையின் துப்புரவு அணுக்களான மைக்ரோகிளியாவின் வயிற்றுக்குள்ளேயே அந்தச் சாயம் தென்பட்டது. இணைப்புகளை அவை விழுங்கிக்கொண்டிருந்தன. 2016 ஆய்வில், சி4 இல்லாத எலிகளிலும் இந்தக் கழித்தல் குறைபட்டது தெரிந்தது.

மல்லிகைச் செடியைக் கவாத்து செய்வதுபோல மூளையும் வளர்ந்தபின் வெட்டப்பட்டே பயனுக்கு வருகிறது. குழந்தைப் பருவத்தில் அளவுக்கு மிஞ்சி உருவாகும் இணைப்புகள், பதின்பருவம் முழுவதும், திட்டமிடவும் தன்னைக் கட்டுப்படுத்தவும் உதவும் முன்மூளைப் புறணியில் இருபது வயதைத் தாண்டியும், படிப்படியாகக் குறைகின்றன. மனச்சிதைவு பெரும்பாலும் தலைகாட்டும் வயதும் அதுவே. பதின்பருவத்தில் இந்தக் கழித்தல் தவறுவதே மனச்சிதைவுக்குக் காரணமாக இருக்கலாம் என்று 1982-லேயே இர்வின் ஃபைன்பெர்க் எழுதினார். 2000-இல், நோயாளிகளின் முன்மூளைப் புறணியில் நரம்பணுக்களின் முட்கள் குறைந்திருப்பதை டேவிட் லூயிஸின் குழு எண்ணிக் காட்டியது. பெரும்பாலான இணைப்புகள் அமையும் இடம் அந்த முட்கள்தாம். ஆனால் இவை நடப்பதற்கு ஏதுவான மூலக்கூறு எது என்பதற்கு முதல் நம்பத்தக்க வேட்பாளராக வந்தது சி4தான். நோயெதிர்ப்பு மண்டலத்திலிருந்து பெற்ற கருவி ஒன்றை மூளை தன் சொந்த வேலைக்குப் பயன்படுத்துகிறது, அந்த வேலை சிலரிடம் மிகையாகிவிடுகிறது என்பதே இங்கு விரியும் சித்திரம். இதில் கிருமியும் இல்லை, உடலைத் தாக்கும் எதிர்ப்பொருளும் இல்லை, வழக்கமான பொருளில் அழற்சியும் இல்லை.

இதை மேலும் உறுதிப்படுத்துவது 2020-இல் மெக்கரோலின் குழு வெளியிட்ட ஆய்வு. தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ், உமிழ்நீரும் கண்ணீரும் வற்றும் ஷோகிரன் நோய் ஆகிய இரண்டும் தெளிவான தன்னெதிர்ப்பு நோய்கள். மனச்சிதைவு அபாயத்தைக் கூட்டும் அதே சி4 அமைப்புகள், இவ்விரு நோய்களிலிருந்தும் ஒருவரைப் பெருமளவு காக்கின்றன. மனச்சிதைவே ஒரு தன்னெதிர்ப்பு நோயாக இருந்திருந்தால், ஒரே மரபணு இப்படி எதிரெதிர்த் திசைகளில் இழுத்திருப்பதை விளக்குவது கடினம். மற்றொரு செய்தியும் அந்த ஆய்வில் இருந்தது. மூன்று நோய்களிலும் சி4இன் தாக்கம் பெண்களைவிட ஆண்களிடம் வலுவாக இருந்தது. இரு குரோமோசோம்களிலும் உள்ள சி4 அமைப்புகளைச் சேர்த்துப் பார்த்தால், அவற்றைப் பொறுத்து மனச்சிதைவு அபாயம் ஆண்களிடையே 1.7 மடங்கு வரை வேறுபட்டது. பெண்களிடையே அந்த வேறுபாடு ஏறத்தாழ 1.3 மடங்கு மட்டுமே. இருபது வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடைப்பட்ட ஆண்களின் மூளைத்தண்டுவட நீரில் சி4 புரதம் பெண்களுடையதைவிட அதிகமாக இருப்பதும் தெரியவந்தது. லூபஸ் பெரும்பாலும் பெண்களைத் தாக்குவதும், மனச்சிதைவு ஆண்களை இளம் வயதிலேயே பிடிப்பதும் ஏன் என்ற பழைய கேள்விகளுக்கு இது முழு விடை ஆகாது. ஆனாலும் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்ட ஒரு முடிச்சாவது கிடைத்திருக்கிறது.

இந்த இடத்தில் அளவைப் பற்றிப் பேசாமல் போவது நேர்மையாகாது. 2016 ஆய்வின்படி, ஒரு குரோமோசோமில் பொதுவாகக் காணப்படும் சி4 அமைப்புகளில் மிக அபாயமானதற்கும் மிகக் குறைந்த அபாயமுள்ளதற்கும் இடையிலான வேறுபாடு 1.27 மடங்குதான். சுமார் நூற்றுக்கு ஒருவருக்கு வரும் நோயில், அந்த ஒன்று ஒன்றேகாலாக மாறுகிறது என்று கொள்ளலாம். மிக அபாயமான அமைப்பைச் சுமப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. சி4 சோதனை செய்து ஒருவருடைய எதிர்காலத்தைச் சொல்வதாக எந்த ஆய்வகமாவது விளம்பரம் செய்தால், அதை நம்ப வேண்டியதில்லை. எம்.எச்.சி. பகுதியின் தொடர்பு முழுவதும் சி4ஆல் மட்டும் வருவதும் இல்லை. 76,755 நோயாளிகளைக் கொண்டு 2022-இல் வெளியான ஆய்வு நோயோடு தொடர்புடைய 287 இடங்களைக் கண்டது. அவ்விடங்களில் உள்ள மரபணுக்கள் பெருமளவில் செயல்படுவது நரம்பணுக்களிலேயே. நோயெதிர்ப்பு அணுக்களில் அத்தகைய குவிப்பு இல்லை. நோயின் மரபணுச் சுமையில் பெரும்பங்கு நரம்பணுவுடையது என்பதால், நோயெதிர்ப்பு மரபணுக்கள் எல்லாவற்றையும் விளக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை.

இன்னொரு வரம்பு நமக்கு நெருக்கமானது. மேலே சொன்ன எண்களில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினரிடமிருந்து வந்தவை. 2019-இல் கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த 22,778 நோயாளிகளை ஆராய்ந்தபோது, மற்ற மரபணு இடங்கள் பலவும் ஐரோப்பியரிடம் கண்டதோடு பெரிதும் ஒத்துப்போயின. ஆனால் எம்.எச்.சி. பகுதியின் அந்தப் புகழ்பெற்ற தொடர்பு அங்கே தென்படவில்லை. நோய் அங்கே வேறு என்பது இதன் பொருளன்று. சி4 அமைப்புகளும் அவற்றோடு ஒட்டிவரும் தொடர்களும் எந்த விகிதத்தில் காணப்படுகின்றன என்பது மக்கள்கூட்டத்துக்கு மக்கள்கூட்டம் மாறுவதால், ஓரிடத்தில் எளிதாகத் தெரிவது மற்றோரிடத்தில் மறைந்துபோகலாம். தமிழ்நாட்டில் சேர்க்கப்பட்ட சுமார் 3,000 பேரைக் கொண்டு, சென்னையிலுள்ள மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃபும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகமும் இணைந்து நடத்திய ஆய்வும் அதே 2019-இல் வெளியானது. அது சுட்டியது எட்டாவது குரோமோசோமில், நியாசின் என்ற வைட்டமினை உடல் கையாள உதவும் ஒரு நொதியின் மரபணுவை. சி4 போன்ற 1.27 மடங்கு விளைவைப் பிடிக்கப் பல்லாயிரம் பேர் தேவை என்பதால், நம் மக்களிடம் எம்.எச்.சி. பகுதிக்கு என்ன பங்கு என்று இத்தகைய அளவில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

குழப்பத்துக்கு இடம்தரும் வேறொரு நோயையும் பிரித்துவைப்பது நல்லது. உண்மையிலேயே தன்னெதிர்ப்பால் வரும் மனப்பிறழ்வு ஒன்று உண்டு. 2007-இல் பென்சில்வேனியாவில் ஜோசப் டால்மாவும் சகாக்களும் பன்னிரண்டு பெண்களைப் பற்றி எழுதினார்கள். அவர்களுக்குத் திடீரென்று மனப்பிறழ்வு அறிகுறிகளும், பிறகு வலிப்பு, நினைவு மயக்கம், மூச்சுத் தடுமாற்றம் போன்றவையும் வந்தன. பெரும்பாலோருக்குச் சினைப்பையில் ஒரு கட்டி இருந்தது. அந்தக் கட்டிக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள்கள் மூளையில் நரம்பணுக்கள் செய்தி பெற உதவும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளையும் தாக்கின. கட்டியை அகற்றி, ஸ்டீராய்டும் எதிர்ப்பொருள் குறைக்கும் சிகிச்சையும் தந்தால் பலர் தேறிவிடுகிறார்கள். முதல் முறையாக மனப்பிறழ்வுடன் வரும் இளம்பெண்ணுக்கு வலிப்போ காய்ச்சலோ நாக்கு, வாய் தசைகளில் விநோத அசைவுகளோ இருந்தால் மருத்துவர் இதை நினைக்க வேண்டும். ஆனால் இந்த அரிய நோயைக் காட்டி, மனச்சிதைவு முழுவதுமே எதிர்ப்பொருள் நோய்தான் என்று வாதிடுவது பொருந்தாது.

சிகிச்சை என்று வரும்போது ஏமாற்றமும் உண்டு. நோயாளிகளின் அணுக்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட மைக்ரோகிளியா இணைப்புகளை அதிகமாக விழுங்குவதையும், முகப்பருவுக்குத் தரப்படும் மினோசைக்ளின் என்ற பழைய மருந்து அதைக் குறைப்பதையும் 2019-இல் ஓர் அமெரிக்கக் குழு காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டே பிரிட்டனில், நோய் தொடங்கி ஐந்து ஆண்டுகளுக்குள் இருந்த 207 பேருக்கு ஓராண்டு காலம் மினோசைக்ளினோ போலி மாத்திரையோ தந்து பார்த்த சோதனை முடிந்திருந்தது. மினோசைக்ளினால் பயனில்லை. இந்த முடிவில் வியப்பில்லை என்பேன். இணைப்புகள் கழிவது பதின்பருவம் முழுக்க நடக்கும் வேலை. நோய் வெளிப்பட்ட பிறகு வெட்டுவதை நிறுத்தினால், ஏற்கெனவே வெட்டப்பட்டவை முளைத்துவிடா. முன்கூட்டியே நிறுத்துவதென்றால், நலமாக இருக்கும் பதின்பருவத்தினருக்கு, மூளைக்குத் தேவையான ஒரு செயலைத் தடுக்கும் மருந்தைத் தர வேண்டியிருக்கும். 1.27 மடங்கு என்ற எண்ணை வைத்துக்கொண்டு அதைச் செய்ய எந்த மருத்துவரும் துணியமாட்டார்.

மருத்துவமனையில் நோயெதிர்ப்பு மரபணுக்கள் இன்றே கண்கூடாகப் பயன்படும் இடம், யாரும் அதிகம் பேசாத வேறொரு மூலையில் இருக்கிறது. மற்ற மருந்துகளுக்குப் பணியாத மனச்சிதைவுக்கு இன்றும் சிறந்த மருந்து க்ளோசபின். 1975-இல் பின்லாந்தில் இதை உட்கொண்டவர்களில் எட்டுப் பேர் வெள்ளையணுக்கள் திடீரென வற்றிப்போய்த் தொற்றால் இறந்தார்கள். அதனால் பல நாடுகளில் மருந்து விலக்கப்பட்டு, பின்னர் கடும் கண்காணிப்போடு மீண்டு வந்தது. தொடக்க மாதங்களில் வாரந்தோறும் இரத்தம் எடுத்து, கிருமிகளை முதலில் எதிர்க்கும் நியூட்ரோஃபில் அணுக்களை எண்ணிப் பார்ப்பது வழக்கமானது. இந்த விளைவு யாருக்கு வரும் என்பதில் எச்.எல்.ஏ. மரபணுக்களுக்குப் பங்குண்டு என்று 2014-இல் தெரிந்தது. ஆனால் இரத்தப் பரிசோதனையைக் கைவிடும் அளவுக்கு அந்த மரபணுச் சோதனை துல்லியமானதன்று.

துல்லியமாக உதவியது வேறொரு மரபணு. ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலரிடம், டஃபி என்ற இரத்தவகைப் புரதம் சிவப்பணுக்களில் இல்லாமற்செய்யும் ஒரு மாற்றம் உள்ளது. வைவாக்ஸ் வகை மலேரியாவிலிருந்து காக்கும் அந்த மாற்றத்தால், அவர்களுடைய இரத்தத்தில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை இயல்பாகவே குறைவாக இருக்கும். அதனால் அவர்களுக்குத் தொற்று கூடுவதில்லை. ஆனால் எண்ணிக்கை வரம்புக்குக் கீழே என்ற ஒரே காரணத்தால் பலருக்குக் க்ளோசபின் மறுக்கப்பட்டது, அல்லது பலன் தந்துகொண்டிருக்கும்போதே நிறுத்தப்பட்டது. 2015-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விதியை மாற்றியது. மற்றவர்களுக்குச் சிகிச்சை தொடங்க ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1,500 நியூட்ரோஃபில்கள் தேவை என்றால், இயல்பாகவே எண்ணிக்கை குறைந்த இவர்களுக்கு 1,000 இருந்தாலே போதும் என்றானது.